திராவிடர் படைக்குக் குதிரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டில் திராவிடர் என்ற பெயரில் வரும் நம் படையை வேண்டுமென்றே மட்டமாக வைத்திருக்கிறார்கள் என்று போன வாரம் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். கடாரம் வரை கப்பல் ஓட்டியவர்களுக்கு ஒரு நல்ல குதிரைப்படைகூடக் கொடுக்கவில்லை, இது தமிழருக்கு அவமானம், உடனே கொடுக்க வேண்டும் என்பது அவர் கோரிக்கை. நான் திருச்சி தில்லைநகரில் கேமிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிரவுசிங் சென்டராக இருந்த காலத்திலிருந்தே இந்த விளையாட்டு எங்கள் கணினிகளில் ஓடுகிறது. அவருடைய ஆதங்கத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் குதிரை கொடுத்தால் சரியாகிவிடும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாடாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். 1999-இல் வந்த விளையாட்டு இது. கிராமத்து ஆட்களை வைத்து மரம் வெட்டி, வயல் உழுது, தங்கம் தோண்டி, யுகம் யுகமாக முன்னேறி, படை திரட்டி எதிராளியை வீழ்த்த வேண்டும். எந்த நாட்டாராக ஆடுவது என்று ஆரம்பத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு நாட்டாருக்கும் சில சலுகைகள் இருக்கும், சில படைகள் கிடைக்காமலே போகும். பல வருடம் இந்தியாவுக்கென்று மொத்தமாக ஒரே ஒரு நாட்டார்தான் இருந்தார்கள். 2022 ஏப்ரலில் வந்த புதுத் தொகுப்பில்தான் அதை இந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளியர், திராவிடர் என்று நான்காகப் பிரித்தார்கள். முதலாம் ராஜேந்திர சோழனின் கதை தனிப் படலமாகவே வந்தது. திராவிடரின் ஆட்களைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வார்கள். அந்த வாரம் எங்கள் சென்டரில் ஆட வந்த பசங்களில் யாருமே வேறு நாட்டாரை எடுக்கவில்லை. விறகு வெட்டப் போகிறவன் தமிழில் பேசுவதைக் கேட்பதற்காகவே அவனைச் சும்மா சும்மா கிளிக் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் ஆன்லைனில் போய்ப் போட்டி ஆட ஆரம்பித்ததும் அடி விழுந்தது. அங்கேதான் அந்த வாசகரின் வருத்தமும் தொடங்கியிருக்க வேண்டும்.

ஏன் அடி விழுந்தது என்பதைப் பார்ப்போம். இந்த விளையாட்டில் அதிகமாக ஆடப்படும் மேப், அதாவது ஆடுகளம், அரேபியா. திறந்த வெளி, தண்ணீர் கிடையாது, மறைவும் குறைவு. அங்கே ஆட்டத்தைத் தீர்மானிப்பது ஓட்டம். நைட் என்ற கனரகக் குதிரைவீரனின் வேகம் 1.35. அவனைக் குத்துவதற்கென்றே இருக்கும் ஈட்டிக்காரனின் வேகம் 1. திராவிடருக்கு நைட் கிடையாது, ஒட்டகப் படையும் கிடையாது, சாதாரண இலகுரகக் குதிரைவீரனைத் தவிர இருப்பது போர் யானை. யானையின் வேகம் 0.85, மரம் வெட்டும் ஆளின் வேகம் 0.8. அந்த ஆளுக்குத் தள்ளுவண்டி மேம்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டால் அவன் வேகம் 0.88 ஆகிவிடும், யானையை விட்டுத் தப்பி நடந்தே போய்விடுவான். எதிராளியின் நைட்டுகள் நம் விறகு வெட்டிகளைக் கொன்றுவிட்டு, ஈட்டிக்காரர்கள் வருவதற்குள் தங்கச் சுரங்கத்துப் பக்கம் போய்விடுவார்கள். ஈட்டிக்காரர்கள் அங்கே போய்ச் சேரும்போது அவர்கள் மறுபடி விறகுப் பக்கம். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே பொறுக்காது.

ஆனால் இதே படையைத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். எங்கள் சென்டருக்கு வரும் பொறியியல் மாணவி ஒருத்தி இருக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். தண்ணீருக்கு நடுவே தீவுகளாக இருக்கும் ஐலண்ட்ஸ் மேப்பில் திராவிடரை எடுத்தால் சென்டரில் அவளை ஜெயிக்க ஆளில்லை. ஒருநாள் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் பிராங்குகள் என்ற நாட்டாரை எடுத்து அவளோடு மோதினான். பிராங்குகளின் குதிரைவீரருக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் உயிர் அதிகம், அரேபியாவில் அவனுக்கு அதுதான் கைகொடுக்கும். அவள் ஃபியூடல் ஏஜ் என்னும் இரண்டாம் யுகத்தைத் தொட்ட நொடியில் அவள் கணக்கில் 200 மரம் விழுந்தது. திராவிடர் ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் கிடைக்கும் சலுகை அது. 150 மரத்தில் ஒரு கப்பல் துறை, மிச்சம் 50-க்கு இரண்டு வீடு, கையை எடுக்காமல் முடித்தாள். துறை ஒவ்வொன்றும் 5 பேருக்கு இடம் தருவதால் அதற்கப்புறம் வீடு கட்டுவதை ஏறக்குறைய மறந்தேவிட்டாள். அவளுடைய மீன்பிடிப் படகுகள் மற்றவர் படகைவிட 15 மீன் கூடுதலாகச் சுமந்து வந்தன. பையன் இரண்டாவது துறை கட்ட மரம் சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய போர்ப்படகுகள் அவன் கரையில் நின்றன. கடைசியில் திரிசடை என்ற பெரிய போர்க்கப்பல் வந்தது. அது திராவிடருக்கு மட்டுமே உள்ள கப்பல். குதிரை லாயத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்ய முடியும்? அடுத்த ஆட்டம் அரேபியாவில். அதே இருவர், அதே நாட்டார். அவள் தோற்றாள், அதுவும் சீக்கிரமே.

சேப்பாக்கத்தில் ஆறு விக்கெட் எடுக்கும் சுழற்பந்து வீச்சாளர் பெர்த் ஆடுகளத்தில் விக்கெட்டே இல்லாமல் திரும்புவதை நாம் பார்த்ததில்லையா? அவர் மட்டமான பந்துவீச்சாளர் என்று யாரும் சொல்வதில்லை. திராவிடர் படையும் அப்படித்தான். தண்ணீர் மேப் என்றால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் வரிசையில் எடுக்கும் படை, எதிராளி எடுத்துவிடாமல் தடுத்து வைக்கும் படை. உலக அளவில் நடக்கும் போட்டிகளில் பல மேப்களில் ஆட்டம் நடக்கும், இரு தரப்பும் மாறி மாறி நாட்டாரைத் தேர்ந்தெடுக்கவும் தடை செய்யவும் முடியும். அதனால் அங்கே இந்தக் குறை ஓரளவு ஆறிவிடும். நம் பசங்க எந்நேரமும் அரேபியாவிலேயே ஆடுவதால்தான் குறை இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

வேண்டுமென்றே தமிழரை மட்டம் தட்டினார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதே தொகுப்பில் வந்த கூர்ஜரருக்கு என்ன நடந்தது? குதிரை, ஒட்டகம் ஏறிய அவர்களுடைய வீரர்களுக்குப் குறிப்பிட்ட பகைப்படை வகைகளுக்கு எதிரான கூடுதல் தாக்கு சக்தி 50 சதவீதம் உயர்வாக இருந்தது. அது மிதமிஞ்சிப் போய்விட்டது என்று தெரிந்ததும் யுகத்துக்கு யுகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி குறைத்தார்கள். இந்துஸ்தானியரின் கிராமத்து ஆளுக்கு 10, 15, 20, 25 சதவீதம் என்று யுகம்தோறும் இருந்த தள்ளுபடியை 8, 13, 18, 23 ஆக்கினார்கள். முதல் யுகத்தில் இது ஓர் ஆளுக்கு ஒரே ஒரு உணவு வித்தியாசம், 45 என்பது 46 ஆகிறது. இதற்காகவா உட்கார்ந்து மாற்றினார்கள் என்று தோன்றும். ஆட்டம் ஆரம்பிக்கும்போது கையில் இருப்பதே 200 உணவுதான். நகர மையம் ஒரு நொடிகூடச் சும்மா இல்லாமல் ஆள் உருவாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். உணவுக்கு அறுக்கும் ஒரு ஆட்டில் எத்தனை உணவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கும் ஆட்டக்காரருக்கு அந்த ஒன்று ஒவ்வொரு ஆளிலும் சேர்ந்துகொண்டே போகும். திராவிடருக்கோ கைகொடுத்தார்கள். யானைகளின் உயிர் தானாக ஊறும் அளவு நிமிடத்துக்கு 20 என்றிருந்ததை 30 ஆக்கினார்கள். பலமானவர்களைக் குறைத்து நம்மைத் தூக்கிவிட்டிருக்கிறார்களே தவிர, நம் மேல் அவர்களுக்குப் பகை எதுவும் இல்லை.

மாற்றமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் சென்டரில் பார்த்திருக்கிறேன். இதே விளையாட்டின் 2000-இல் வந்த கான்கரர்ஸ் பதிப்பை, ஆரம்பத்தில் செய்த சில திருத்தங்களுக்குப் பிறகு, அதன் கம்பெனி பத்து வருடத்துக்கு மேல் கை வைக்காமல் விட்டுவிட்டது. அந்தப் பதிப்பில் ஹூணர்கள் என்ற நாட்டார் வீடே கட்ட வேண்டாம். 200 பேர் கொண்ட படைக்குச் சுமார் 40 வீடு, வீட்டுக்கு 25 மரம் என்றால் ஏறக்குறைய 1,000 மரம் மிச்சம். ஆரம்பத்தில் 100 மரம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ‘ஆள் உருவாக்க இடமில்லை’ என்ற எச்சரிக்கை அவர்களுக்கு வரவே வராது. குதிரை வில்லாளருக்கு 25, பிறகு 30 சதவீதம் தள்ளுபடி வேறு. விளைவு, அரேபியாவில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ஹூணர்கள். உலகம் முழுக்க இதே கதைதான், ஹூணருக்கு ஹூணர் என்று மோதுவதே தனி ஆட்டமுறையாகிவிட்டது. மற்ற நாட்டார் பட்டியலில் இருந்தும் இல்லாத மாதிரி. பின்னால் வந்த பதிப்புகளில் அந்தத் தள்ளுபடியை 10, 20 என்று இறக்கினார்கள். வீடு கட்ட வேண்டாம் என்ற குணத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் ஹூணரை எடுத்தால் ஹூணராக ஆடுகிற உணர்வு போகவில்லை. நான் மதிக்கிற திருத்தம் இதுதான். அளவைக் குறைத்தார்கள், அடையாளத்தைத் தொடவில்லை.

கொரியாக்காரர்கள் இன்னொரு வழி கண்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்டார்கிராஃப்ட் புரூட் வார் என்ற வேறொரு போர் விளையாட்டில் 2001-இல் வந்த 1.08 பதிப்போடு பலச் சமநிலைத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஸெர்க் இனம் படை திரட்டத் தேவையான குளத்தின் விலையை 150-லிருந்து 200 ஆக்கியது அந்தப் பதிப்பு. அதற்கப்புறம் யார் பலத்திலும் கைவைக்கவில்லை, 2017-இல் படங்களைப் புதுப்பித்தபோதுகூட. ஓர் இனம் ஓங்கினால் போட்டி நடத்துபவர்கள் மேப்பை மாற்றினார்கள். சரிவுப் பாதையைக் குறுக்கினார்கள், முகாம்களுக்கு நடுவே தூரத்தைக் கூட்டினார்கள், கனிமம் மட்டும் இருந்து வாயு இல்லாத இடங்களை வைத்தார்கள். இருபது வருடம் தாண்டியும் அங்கே போட்டி நடக்கிறது. நம் ஊர்க் கல்லூரி விழாக்களில் போட்டி வைப்பவர்களுக்கு இது உடனே செய்யக்கூடிய காரியம். அரேபியாவை மட்டும் வைக்காமல் ஒரு தண்ணீர் மேப், பாதித் தண்ணீர் மேப் ஒன்று என்று கலந்து வையுங்கள். எந்தக் கம்பெனியின் தயவும் தேவையில்லை.

இப்போது குதிரை. சோழரிடம் குதிரைப்படை இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் வருகிறார்கள். ஆனால் நல்ல குதிரை நம் மண்ணில் விளைந்த பொருள் இல்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கத்தானே மாணிக்கவாசகர் பொன்னோடு போனார்? பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் எவ்வளவு குதிரைகளை வாங்கினார்கள், அவை இங்கே எப்படி நிலைக்காமல் போயின என்று மார்க்கோ போலோவே எழுதி வைத்திருக்கிறார். விளையாட்டைச் செய்தவர்கள் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் யானை, காலாள், கப்பல், எஃகு என்று நம்மை வடித்திருக்கிறார்கள். திராவிடரின் கடைசி மேம்பாடுகளில் ஒன்று நம் எஃகு. அதை வாங்கிவிட்டால் காலாளும் குதிரைவீரனும் வெட்டும் வெட்டுக்கு முன் எதிராளியின் கவசம் கணக்கிலேயே வராது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உலை கண்டெடுத்த செய்தியை உங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறேன். அதை ஒருத்தன் விளையாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறான் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இந்தப் படைக்கு நைட்டைக் கொடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? தமிழ் பேசும் பிராங்குகள் மிஞ்சுவார்கள்.

குதிரை இல்லாமல் முதல் வரிசைக்கு வர முடியாது என்பதும் சரியில்லை. கான்கரர்ஸ் பதிப்பில் வந்த ஆஸ்டெக், மாயா நாட்டாருக்குக் குதிரை லாயமே கிடையாது. அமெரிக்கக் கண்டத்தில் அப்போது குதிரை இல்லை, அதனால் கொடுக்கவில்லை. பதிலுக்குக் கழுகு வீரன் என்று ஓட்டம் அதிகமுள்ள ஒரு காலாளைக் கொடுத்தார்கள். அரேபியாவில் எதிராளியின் ஆட்களைத் துரத்துவது, பாதிரியாரைப் பிடிப்பது, கவண் வண்டியை உடைப்பது என்று குதிரை செய்கிற வேலையை அவன் காலாலேயே செய்வான். அந்த இரண்டு நாட்டாரையும் அரேபியாவுக்குச் சிறந்தவர்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

நமக்கும் அதே மாதிரி ஒருவன் இருக்கிறான், சுருள்வாள் வீரன். முதல் வீச்சில் சக்தியைச் சேர்த்துவைத்து அடிப்பான், கூட்டமாக நிற்பவர்களைச் சிதறடிப்பான். குறை என்னவென்றால் கோட்டை கட்டினால்தான் அவன் வருவான். கோட்டைக்கு 650 கல் வேண்டும். நைட்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும்போது கல் வெட்ட ஆள் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். காத் நாட்டாருக்கு ஒரு மேம்பாடு இருக்கிறது, அதை வாங்கினால் அவர்களுடைய தனி வீரன் சாதாரணப் படைக்கூடத்திலிருந்தே வருவான். சுருள்வாள் வீரனுக்கும் அப்படி ஒரு வழி திறந்துவிடட்டும், அவன் காலுக்குக் கொஞ்சம் வேகமும் கூட்டட்டும். படைக்கூடத்து மேம்பாடுகள் ஏற்கெனவே நமக்குப் பாதி விலைதான், அதோடு இது பொருந்திப் போகும். எங்கள் சென்டரில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். யானைமேல் இருந்து அம்பு எய்யும் எலிஃபண்ட் ஆர்ச்சர் விலையைக் குறைக்கலாம் என்பான் ஒருவன், ஈட்டி எறிபவர் வேகமாக எறிவதே போதும், அதை வைத்து ஆடக் கற்றுக்கொள் என்பாள் அந்த மாணவி. நான் சொன்னதே சரி என்று அடம்பிடிக்கவில்லை. குதிரையைத் தவிர வேறு எதையும் பேசலாம் என்பதுதான் என் நிலை.

இன்னொன்று. இந்த விளையாட்டை இப்போது திருத்திவரும் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழுவினர் ஒரு காலத்தில் நம் பசங்க மாதிரி ரசிகர்களாக இருந்தவர்கள். கம்பெனி கைவிட்ட விளையாட்டுக்குச் சொந்தமாகப் புது நாட்டாரைச் செய்து சேர்த்து, அதனாலேயே அதிகாரபூர்வமாக வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள். பெரிய திருத்தங்களை வெளியிடும் முன் முன்னோட்டப் பதிப்பு ஒன்றை விட்டு, ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்கிறார்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பதிவு செய்த ஆட்டத்தையும் கூடவே அனுப்பி, எத்தனையாவது நிமிடத்தில் எது சறுக்கியது என்று எழுதுகிறார்கள். தமிழ் பேசும் ஒரு படையைப் பற்றித் தமிழ் ஆட்டக்காரர்கள் அப்படி எழுதினால் அதற்குக் கூடுதல் மதிப்பு இருக்கும் என்று நம்புகிறேன்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்துவிட்டு, மின்விளையாட்டுப் போட்டிகளை முறையான விளையாட்டாக ஏற்றிருக்கிறது. ஆகவே உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கும் இது உரிய விஷயம்தான். கிரிக்கெட் விதி மாறினால் எந்த விதி, ஏன், யாருக்கு லாபம் என்று அரைப்பக்கம் எழுதுகிறீர்கள். இந்த விளையாட்டுகளில் வரும் திருத்தங்களுக்கும் அந்த மாதிரி இடம் கொடுங்கள். ஒரு படையின் பலத்தைக் குறைத்ததும் கூட்டியதும் எதற்காக என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினால், ‘நம்மை அவமானப்படுத்திவிட்டார்கள்’ என்ற கடிதங்கள் குறையும்.

கடைசியாக அந்த வாசகருக்கு. ஐயா, நீங்கள் திருச்சிப் பக்கம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்டருக்கு வாருங்கள். முன்னோட்டப் பதிப்பு வந்தால் நான்கு கணினியில் ஏற்றி வைக்கிறேன். நீங்கள் பிராங்குகளை எடுங்கள், மேப்பும் உங்கள் விருப்பம். எதிரில் திராவிடரை வைத்து அந்த மாணவியே ஆடுவாள். எந்த இடத்தில் நம் படை திணறுகிறது என்று சேர்ந்து குறித்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவோம்.

இப்படிக்கு,
கேமிங் சென்டர் உரிமையாளர்,
தில்லைநகர், திருச்சி.